முந்திய கோடு

பிப்ரவரி 12, வியாழன்

காலையிலிருந்து ஒரு சில்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புக் கிண்ணம் ஒன்றின் அடிப்பாகம், உள்ளங்கை அகலம்கூட இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், இப்போதைய பிரான்ஸின் தெற்குக் கரையில் இருந்த கெல்ட் மக்களில் யாரோ ஒருவர் ஆணியாலோ கத்தி முனையாலோ அதில் பேர் கீறி வைத்திருக்கிறார். பாஷை அவர்களுடையது, எழுத்து கிரேக்கர்களிடம் வாங்கியது. என் தம்பி யாசர் தன் பெண்டாட்டி ஷப்னத்துக்குத் தமிழை இந்த ஊர்ப் பர்மிய எழுத்தில் தட்டி அனுப்புகிற மாதிரிதான்.

என் வேலை படிப்பது இல்லை, வரைவது. அங்கே அதைப் படிக்கிற ஆராய்ச்சியாளர் மரீன் படங்கள் அனுப்புவார். ஒரே சில்லை விளக்கை ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி வைத்து எடுத்த படங்கள். கீறல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து நான் கணினியில் கோடாக்கித் தர வேண்டும். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூ வரைந்துகொண்டிருந்தவளுக்கு வந்த வேலை. கையைக் கட்டிப்போட்டாலும் இதை விட மாட்டேன்.

இந்தச் சில்லில் இரண்டு பேர்கள், ஒன்றின் மேல் ஒன்று. எது முந்தி, எது பிந்தி என்று நிறம் பிரித்துக் காட்ட வேண்டும். பாதியில் மின்சாரம் போய்விட்டது. இப்போது இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம்: யாசருக்கும் ஷப்னத்துக்கும் பேச வரும், படிக்க வராது. மேசையில் திறந்தே வைத்துவிட்டுப் போகலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பர்கத்துல்லா மாமா வந்தார். ஜமாத்தில் பெரிய மனிதர், என் கல்யாணத்தையும் பேசி முடித்தவர். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, என் புருஷனைப் பற்றிப் போன தடவை சொன்னதையே சொன்னார்.

"பாரு புள்ள. சர்ஃபராஸ் செஞ்சது தப்புதான், நான் இல்லேங்கல. போன மழைக்காலத்துல புத்தி பெரண்டு ஒரு நிக்காஹ் பண்ணிட்டான். நமக்கே பொறவுதான் தெரிஞ்சுது. இப்ப அதை முடிச்சுட்டான், அந்தப் பொண்ணுக்குத் தலாக் கொடுத்தாச்சு. நீ எத்தனை நாளைக்குத் தம்பி வீட்டுல இருப்பே? பெருநாளைக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லிரு."

ஷப்னம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'எத்தனை நாளைக்கு' என்ற இடத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. அக்டோபரிலிருந்து அவர்களுடைய ஒரே கூடத்தில் என் மேசையும் கணினியும் பாதியை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

யோசிக்கிறேன் என்றேன். பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. யோசிக்க எதுவும் இல்லை என்று ஒரு நாளும், எல்லாமே யோசிக்க வேண்டியது என்று மறுநாளும் தோன்றுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்கார.

பிப்ரவரி 17, செவ்வாய்

தப்பு செய்துவிட்டேன். ஆழமாக வெட்டிய பேரைப் பிந்தியது என்று நிறம் போட்டு அனுப்பியிருந்தேன். பிறகு வந்தவர்தானே அழுத்திக் கீறுவார் என்ற எண்ணம். மரீன் பொறுமையாக எழுதியிருக்கிறார்: ஆழத்தை நம்பாதே, கோபக்காரர் ஆழமாகக் கீறுவார், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போ. எது அறுபடாமல் ஓடுகிறதோ அதுதான் பிந்தியது.

மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய கோடுதான் ஆழமான கோட்டைத் தாண்டி அறுபடாமல் ஓடுகிறது. முந்தினவர் ஊன்றிக் கீறியிருக்கிறார், பிந்தினவர் லேசாகக் கீறியிருக்கிறார். அப்படியென்றால் பிந்தி வந்தவருக்குக் கோபம் இல்லை. அல்லது கையில் நல்ல ஆணி இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

முதல் நோன்பு. அஸர் தொழுகைக்கப்புறம் வாசலில் சைக்கா மணி. எங்கள் தெரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் கோ டின் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். சூடாக நோன்புக் கஞ்சி.

போனில் சர்ஃபராஸின் செய்தி, பர்மியத்தில்: நானே காய்ச்சினேன், உப்பு சரியா பார்.

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அடுப்பைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. கஞ்சி நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். வெந்தயம் அளவாக, தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு. யாசர் இரண்டு கோப்பை குடித்தான். "மச்சான் தேறிட்டாரு ராத்தா" என்றான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தினமும் வருகிறது. தினமும் ஒரு செய்தி. நேற்று, அடிப்பிடித்துவிட்டது, மன்னித்துவிடு. கஞ்சியில் அடிப்பிடித்த வாசனையே இல்லை. கொடுமை என்னவென்றால் நான்கு மணி ஆனால் என் காது வாசலுக்குப் போய்விடுகிறது.

ஷப்னத்தோடு சண்டை. கணினி ஒயரில் தடுக்கி விழப் பார்த்தாள். "உங்க ஒடஞ்ச சட்டிப் படத்துக்காக நாங்க கால் ஒடச்சுக்கணுமா" என்றாள். பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். அப்போது தெருவே "மீ லாபீ, மீ லாபீ", மின்சாரம் வந்தாச்சு என்று கத்த, இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அவள் தண்ணீர் மோட்டார் போட, நான் கணினி போட.

மார்ச் 1, ஞாயிறு

நானே கூப்பிட்டுவிட்டேன். கஞ்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையைப் பற்றிப் பேசினார். பக்கத்துக் கடைக்காரர் ஜெனரேட்டர் புகையைத் தன் கடைப் பக்கம் திருப்பி வைத்திருப்பதைப் பற்றிப் பேசினார். சிரித்துவிட்டேன்.

"வீடு வீடாவே இல்ல உஸ்மா" என்றார்.

எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு அந்த மனுஷன் வேண்டும். காலையில் லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு சாவியைத் தேடுகிற சத்தம் வேண்டும். பிள்ளை இல்லை என்று அவர் ஒரு நாளும் என்னைச் சொன்னதில்லை. சொல்லாமல் போய் இன்னொருத்தியைக் கட்டினார், அது வேறு. ஆனால் ஒரு மழைக்காலம்தானே? நாலைந்து மாதம் புத்தி கெட்டுப் போனவரை மன்னிக்க முடியாதா? மன்னித்தால் நான் முட்டாளா? மன்னிக்காவிட்டால் மட்டும் புத்திசாலியா?

மார்ச் 4, புதன்

பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். யாசரிடம், ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் சரி என்று சொல்லப்போகிறேன் என்றேன். தலையாட்டினான். ஷப்னம் சமையலறையிலிருந்து வந்து, பெட்டியின் கைப்பிடி பிய்ந்திருப்பதைப் பார்த்து, நூல் கொண்டுவந்து தைத்துக் கொடுத்தாள். அன்பா, அவசரமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்று நன்றாக வேலை நடந்தது. மூன்று சில்லுகளை முடித்து அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7, சனி

இன்று கஞ்சி பிளாஸ்டிக் டப்பாவில் வரவில்லை. எவர்சில்வர் தூக்குச்சட்டியில் வந்தது.

ஷப்னம்தான் வாங்கினாள், கஞ்சியை ஊற்றினாள், கழுவிக் கவிழ்த்தாள். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, சட்டியை எடுத்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. தமிழில். கல்யாண அன்பளிப்புச் சட்டிகளில் வெட்டுவார்களே, அதே மாதிரி இரண்டு வரி.

சர்ஃபராஸ் – ருக்சார்
அன்பளிப்பு: பர்கத்துல்லா

ஷப்னத்தின் கையில் இவ்வளவு நேரம் இருந்தது. அவளுக்கு அது வெறும் பூ வேலை. சர்ஃபராஸுக்கும் அப்படித்தான். அவருக்கும் தமிழ் படிக்க வராது. எந்த வீட்டுச் சட்டியில் எதை ஊத்தி அனுப்புறோம்னுகூடத் தெரியல அந்த ஆளுக்கு. நானே காய்ச்சினேன், நானே காய்ச்சினேன்னு — யாரு காய்ச்சினா? தலாக் கொடுத்தாச்சுன்னு சொன்ன பொண்ணு வீட்டுச் சட்டியில, இன்னிக்கு வெச்ச கஞ்சி சுடச்சுட எப்படி வரும்?

அதுவும் மாமா பேர். 'நமக்கே பொறவுதான் தெரிஞ்சுது'ன்னாரே. தெரியாத கல்யாணத்துக்கு அன்பளிப்பு கொடுத்தாரா?

பொறு. அவர் பிறகு கொடுத்திருக்கலாம். போன மழைக்காலத்திலேயே, நிக்காஹ் முடிந்து ஒரு வாரம் கழித்து, மரியாதைக்காக. அப்படியும் இருக்கலாம். இருக்கலாம்தானே?

மார்ச் 8, ஞாயிறு

மாமா இன்று வந்தார். தலைவலி, அப்புறம் வாருங்கள் என்று ஷப்னத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் போன பிறகு ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, போன் விளக்கைச் சட்டிக்குப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தேன். இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து. கணினியில் ஏற்றி வரையத் தொடங்கினேன். வேறு எதைச் செய்தாலும் பைத்தியம் பிடித்திருக்கும்.

கொத்திய புள்ளியின் விளிம்பு புதிதாக இருந்தால் விரலில் உறுத்தும். இதில் உறுத்தவில்லை, தேய்ந்து வழுவழுத்துவிட்டது. புள்ளிகளுக்கு மேல் பாத்திரம் தேய்த்த கீறல்கள் ஓடுகின்றன. புள்ளிக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி, அறுபடாமல். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில், குறுக்கும் நெடுக்குமாக. 'ரு'வின் சுழி பாதி அழிந்தே போய்விட்டது.

ஆனால் எத்தனை வருஷம் என்று கீறல் சொல்லாது. மணல் போட்டுத் தேய்க்கிற வீடாக இருந்தால் சீக்கிரம் தேயும். பக்கத்தில் வைத்துப் பார்க்க, வருஷம் தெரிந்த இன்னொன்று வேண்டும். மரீன் அப்படித்தான் செய்வார்.

பிறகுதான் புத்தியில் பட்டது. பர்கத்துல்லா மாமா எல்லாக் கல்யாணத்துக்கும் இதே சட்டியைத்தான் கொடுப்பார். ஒரே கடை, பேர் வெட்டுவதும் ஒரே ஆள். ஷப்னத்திடமும் ஒன்று இருக்கிறது, அவள் கல்யாணத்துக்கு வந்தது, கொரோனாவுக்கு முந்தின வருஷம். தினமும் அதில்தான் பால் வாங்குகிறாள்.

கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கொண்டுவந்தாள். இரண்டையும் அருகருகே வைத்து விளக்கைப் பிடித்தேன். அவளே குனிந்து பார்த்தாள்.

"என்னோடதுதான் புதுசா இருக்கு ராத்தா" என்றாள்.

ஆமாம். கொரோனாவுக்கு முந்தின சட்டிதான் புதுசாக இருந்தது.

ஷப்னம் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தோளில் கை போடவில்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "நீங்க பெட்டிய மேல வெச்சிருங்க" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

கஞ்சி மறுபடி பிளாஸ்டிக் டப்பாவில். பக்கத்து வீட்டு டோ கின்னுக்குக் கொடுத்துவிட்டேன். அருமை என்று சொல்லி அனுப்பினார்.

மார்ச் 12, வியாழன்

கோ டின்னிடம், இதை உங்களிடம் யார் தருகிறார் என்று கேட்டதற்கு, ஊரின் வடக்கோரத்து இன்சீனிலிருந்து ரயிலில் வருகிற காய்கறிக்காரம்மா என்றார். ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டதும் அந்தம்மா ஒளிக்காமல் சொன்னார்: இன்சீன் ஸ்டேஷனில் கோ சர்ஃபராஸ் கொண்டுவந்து கொடுப்பார், வீடு சந்தைக்குப் பின்னால், அங்கே நான் தினமும் கீரை போடுகிறேன்.

தூக்குச்சட்டியைப் பையில் வைத்தேன். ஷப்னம் தடுத்தாள். "வெறும் சட்டியைத் திருப்பித் தரக்கூடாது."

"இவளுக்குமா?"

"யாரா இருந்தா என்ன. சட்டி சட்டிதான்." பேரீச்சம்பழத்தை அதில் கொட்டி மூடினாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பு மாட்டினாள். வா என்று நான் சொல்லவே இல்லை.

ரயிலில் வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை. திட்டுவதற்கும் கொஞ்சம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். இன்சீனில் இறங்கும்போது அதில் பாதி மறந்துபோய்விட்டது.

கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள். களைத்த முகம், கையில் வெங்காய வாசனை. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "வாங்க ராத்தா" என்றாள். நான் வருவேன் என்று தெரிந்தவள் மாதிரி.

உள்ளே பாயில் ஒரு பெண் குழந்தை படம் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தது. மேல் வரிசையில் இரண்டு பால்பற்கள் விழுந்து இடைவெளி. நெற்றி அப்படியே அவருடையது.

ருக்சார் சொன்னாள்: "எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது ராத்தா. உங்களுக்குத் தலாக் கொடுத்துட்டேன்னு சொல்லித்தான் கட்டுனாரு. பெரியவங்கல்லாம் வந்து நின்னாங்க, நம்பிட்டேன். இப்ப ரெண்டு வாரம் முந்திதான் சந்தைல ஒருத்தங்க சொன்னாங்க, எனக்குத் தலாக் ஆயிருச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்கன்னு. நோன்பு கஞ்சி, ஏழை வீட்டுக்குத் தர்றேன்னு தினம் கேட்டு வாங்கிட்டுப் போவாரு. அது எந்த வீட்டுக்குப் போகுதுன்னு காய்கறிக்காரம்மாதான் சொன்னாங்க."

ஷப்னம்தான் கேட்டாள். "அப்ப இந்தச் சட்டி மட்டும் எப்படி அவரு கைக்கு வந்துச்சு? மாறிப் போயிருச்சா?"

ருக்சார் மூடியைத் திறந்து பேரீச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"பேரில்லாத சட்டியும் எங்க வீட்டுல இருந்துச்சு" என்றாள்.

பிறகு: "எனக்கும் தமிழ் படிக்க வராது. அதுல என்ன இருக்குன்னு மட்டும் தெரியும், கல்யாணத்தன்னிக்கு அதைத் தந்த பெரியவர் படிச்சுக் காட்டினாரு. நீங்க படிப்பீங்கன்னு வீட்டுக்காரருதான் ஒருநா சொன்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு, ஒங்களப் பத்தி."

அழுதேன். அவள் அழவில்லை. அவளுக்கு அழ நேரமில்லை, அடுப்பில் கடலை வெந்துகொண்டிருந்தது. புறப்படும்போது என் கையைப் பிடித்து, "நான் அனுப்புனேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம் ராத்தா. நான் எங்கயும் போக முடியாது" என்றாள்.

சேர்த்து வைத்திருந்த திட்டு முழுவதையும் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன். திரும்பும் ரயிலில் ஷப்னம் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். நோன்புக் களைப்பு.

மார்ச் 17, செவ்வாய்

மாமாவை வரச் சொன்னேன். வந்ததும், "முடிவு பண்ணிட்டியாமே, சந்தோஷம்" என்றார்.

கணினியைத் திருப்பிக் காட்டினேன். திரை முழுக்க அவர் பேர், புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அவர் தமிழ் படிப்பார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இது எந்த மழைக்காலம் மாமா?" என்றேன்.

"நீ மனசு ஒடஞ்சு போயிருவேன்னுதான்" என்றார். "ரெண்டு குடும்பமும் நடக்கட்டும்னு நினைச்சோம். உனக்குத் தெரியாம இருந்தா ஒனக்கே நல்லதுன்னு."

நினைச்சோம். எத்தனை பேர் அந்த 'சோம்'? நான் பரிமாறின எத்தனை விருந்துல அவங்கள்லாம் உக்காந்து சாப்பிட்டாங்க? கறி எடுத்து வெக்கிறப்ப என் மூஞ்சிய எப்படிப் பார்த்தாங்க?

குலா வேண்டும் என்றேன். நானாகக் கேட்டு வாங்குகிற விடுதலை. நீங்கள் எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் இந்தப் படத்தோடு இமாமிடம் போகிறேன் என்றேன். குரல் உயரவில்லை, எனக்கே ஆச்சரியம். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். யாசர் தெருமுனை வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தான். அவனுக்கு இன்னும் மரியாதை பாக்கி இருக்கிறது.

மார்ச் 21, சனி

பெருநாள். ஷப்னம் எனக்கும் ஒரு புதுச் சேலை வாங்கியிருந்தாள், பச்சை. கண்ணாடி முன்னால் போய் நிற்கப் பிடிக்கவில்லை, ஆனால் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

மரீனுக்கு வேலை தாமதமாகிவிட்டது என்று எழுதினேன். காரணம் கேட்காமல் புதுப் படங்கள் அனுப்பிவிட்டார். உட்கார முடியவில்லை. ஆற்றுத்துறை வரை நடந்து போய், த்வாண்டேயிலிருந்து படகில் வந்த பானைகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சரியாகத்தான் செய்தேனா? அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னாலும் ஆசை கேட்டுப் போவதில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று முடிந்தது. இமாம், இரண்டு சாட்சி, யாசர். பர்கத்துல்லா மாமா உடம்பு சரியில்லை என்று வரவில்லை. சர்ஃபராஸ் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார், வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆகியிருக்குமா, தெரியாது.

வெளியே வந்து செருப்புப் போடும்போது பின்னாலேயே வந்தார். நிறையப் பேசுவார் என்று நினைத்து நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டேன். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"அந்தச் சட்டி எப்படி ஒங்கிட்ட வந்துச்சு? அவ வேணும்னு அனுப்புனாளா?"

அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். "நீங்கதான் மாத்தி எடுத்து அனுப்பிட்டீங்க" என்றேன். "அவளுக்கு என்ன தெரியும்."

யோசித்தார். உடனே நம்பிவிட்டார். தலையைச் சொறிந்துகொண்டு, "அன்னிக்கு அவசரம். அதுல எழுதியிருக்கறத நான் கவனிக்கல உஸ்மா" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "மன்னிச்சுக்கோ" என்றார்.

சட்டியை மாற்றி அனுப்பியதற்கு.